வீட்டில் அடிங்க்ரா அச்சுத் துணி செய்யும் முறை

கானா நாட்டின் அக்கான் மக்களிடையே வழங்கும் அடிங்க்ரா சின்னங்கள் பலவும் ஒரு பழமொழியையோ அறநெறியையோ சுமந்து நிற்பவை. ஆகவே அவற்றைக் குடும்பமாக அமர்ந்து துணியில் அச்சிட விரும்புவோர், வண்ணத்தைத் தொடும் முன்பே எந்தச் சின்னம் என்ன சொல்கிறது என்று பிள்ளைகளோடு பேசிக்கொள்ள வேண்டும். தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் பறவையான சங்கோஃபா, மறந்ததைத் திரும்பிச் சென்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்கிறது. செம்மறிக் கடாவின் கொம்புகள் பணிவோடு கூடிய வலிமையைக் குறிக்கின்றன. ஒட்டிப் பிறந்த இரண்டு முதலைகள், உணவு ஒரே வயிற்றுக்குத்தான் போகிறது என்றாலும் அதற்காகச் சண்டையிடுகின்றன. உடன்பிறந்தோர் உள்ள வீட்டில் பேச்சைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான சின்னம் இல்லை என்றே கருதுகிறேன்.

குமாசி நகருக்கு அருகே உள்ள ந்தொன்சோ என்னும் ஊரில் கைவினைஞர்கள் சுரைக்குடுக்கையின் ஓட்டில் அச்சுகளைச் செதுக்கி, மரப்பட்டையை ஊறவைத்து இடித்து நெடுநேரம் காய்ச்சிய கருஞ்சாயத்தில் தோய்த்துப் பதிக்கிறார்கள். ஆங்கிலேயப் பயணியான தாமஸ் பௌடிச் 1817இல் குமாசியில் பெற்ற அடிங்க்ரா துணி ஒன்று இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

வீட்டில் சுரைக்குடுக்கைக்குப் பதிலாகப் பெரிய உருளைக்கிழங்கு போதும். அதை ஒரே வெட்டில் சமமாக இரண்டாக்கி, வெட்டிய முகத்தின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தபின் பிள்ளைகள் பேனாவால் சின்னத்தை வரையட்டும்; கோட்டைச் சுற்றியுள்ள பகுதியை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பெரியவர்களே கத்தியால் நீக்க வேண்டும். அச்சில் இடம் வலமாக மாறிப் பதியும் என்பதால், சங்கோஃபா பறவையைத் திருப்பி வரைய வேண்டும். இருபுறமும் ஒத்திருக்கும் கடாக்கொம்புக்கு இந்தத் தொல்லை இல்லை.

கஞ்சிப் பசை போகத் துவைத்து உலர்த்திய பருத்தித் துணியை, மடித்த போர்வையின் மேல் சுருக்கமின்றி விரியுங்கள். அடியில் மெத்தென்று இருந்தால்தான் அச்சு முழுமையாகப் பதியும். கைவினைஞர்கள் சீப்பு போன்ற மரக்கருவியைச் சாயத்தில் தோய்த்து இணைகோடுகள் இழுத்துத் துணியைக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். அந்த வேலைக்கு முள்கரண்டி ஒன்றே நமக்குப் போதுமானது. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டத்தை ஒதுக்கி, அதில் ஒரே சின்னத்தை வரிசையாக நிரப்பச் சொல்லுங்கள். துணிக்கான வண்ணத்தைத் தட்டில் ஊற்றித் தோய்க்காமல், ஸ்பாஞ்சால் அச்சின் மேல் மெல்லிதாகப் பூசி, நேராக அழுத்தி, நேராகவே தூக்க வேண்டும்.

நிறத்தையும் எண்ணிப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். இத்துணி துக்க உடையாக நெடுங்காலம் வழங்கி வந்தது. சிவப்பு, கருப்பு, கரும்பழுப்புத் துணிகள் இன்றும் இறுதிச் சடங்குகளுக்கு உரியவை. குடும்ப மகிழ்ச்சிக்காகச் செய்வதென்றால் வெள்ளைத் துணியையோ வெளிர்நிறத் துணியையோ எடுப்பதே முறை.

உருளைக்கிழங்கு மறுநாளே சுருங்கிவிடும் என்பதால் அச்சிடும் வேலையை அன்றே முடித்துவிடுங்கள். ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு, துணியைப் புரட்டிப் பின்புறத்தில் இஸ்திரி போட்டால் வண்ணம் நிலைக்கும்.