வீட்டு ஜிம்முக்கு எடைக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டில் எடைப்பயிற்சி செய்யக் கருவிகள் வாங்க நினைப்பவர், கடைக்குப் போவதற்கு முன் அறையின் நீள அகலத்தையும் கூரையின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஒலிம்பிக் பார் எனப்படும் நீண்ட தண்டின் நீளம் 2.2 மீட்டர். பத்துக்குப் பத்தடி அறையின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3.05 மீட்டர் என்பதால், தண்டின் இரு முனைகளிலும் சுமார் 42 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். பக்கவாட்டில் நின்று பிளேட்டை, அதாவது தண்டில் ஏற்றும் வட்டமான எடைத்தட்டை, செருகிக் கழற்ற அது போதும் போதாததுமாகவே இருக்கும். அந்தச் சுவரோரம் ஒரு பீரோ நின்றால் அதுவும் இல்லை. நின்றபடி தலைக்கு மேல் எடை தூக்குபவர்கள் பெரும்பாலும் கூரையைப் பார்த்துத் திருப்தி அடைந்து மின்விசிறியை மறந்துவிடுகிறார்கள். பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். கையை முழுதாக நீட்டியபின் தண்டுக்கு மேலே இன்னும் 22 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இடம் வேண்டும். கூரை விசிறியை எடுத்துவிட்டுச் சுவரில் மாட்டும் விசிறியை வைப்பதே அத்தகைய அறைக்குப் பொருத்தம்.

அடுத்துத் தீர்மானிக்க வேண்டியது தண்டின் பருமன். மற்ற எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இதில் தவறினால், சேர்த்துவைத்த பிளேட்டுகள் அனைத்தும் வீணாகிவிடும். சந்தையில் இருவகைத் தண்டுகள் உள்ளன. ஒலிம்பிக் வகையில் பிளேட் ஏறும் முனைப்பகுதி 50 மில்லிமீட்டர் விட்டம் உடையது. அது தனியே சுழலும் என்பதால் எடையின் திருகல் மணிக்கட்டில் இறங்காது. மற்றது சாதாரணத் தண்டு. அதன் விட்டம் 25 முதல் 30 மில்லிமீட்டருக்குள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால், ஓரிடத்தில் வாங்கிய பிளேட் இன்னோரிடத்தில் வாங்கிய தண்டில் ஏறாமல் போகலாம், அல்லது ஏறியபின் கடகடவென ஆடலாம். ஒரு கையில் பிடித்துத் தூக்கும் குட்டையான டம்பெல்லோடு நிறுத்திக்கொள்பவருக்குச் சாதாரண வகையே போதும். துளையின் விட்டத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு வாங்குவதையும் அதே அளவில் வாங்கினால் சரி. தோளில் தண்டை வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து தண்டைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் ஆகியவற்றைத் தொடர்ந்து செய்யப்போகிறவர் சற்றுக் காத்திருந்தேனும் ஒலிம்பிக் வகையை வாங்குவது நல்லது என்பதே என் கருத்து; அந்தப் பயிற்சிகளில் எடை விரைவாக ஏறும், மெல்லிய தண்டு அதற்கு வளைந்து கொடுத்துவிடும்.

ஒலிம்பிக் தண்டின் எடை மட்டுமே 20 கிலோ. புதிதாகத் தொடங்கும் பலருக்குத் தலைக்கு மேல் தூக்க அது அதிகம். பெண்களுக்கான போட்டிகளில் பயன்படும் 15 கிலோ தண்டு 2.01 மீட்டர் நீளமே உடையது. பிடியும் 28 மில்லிமீட்டருக்குப் பதில் 25 மில்லிமீட்டர்தான். 20 கிலோ, 15 கிலோ தண்டுகள் இரண்டிலும் பிளேட் ஏறும் முனைகளுக்கு நடுவிலுள்ள பகுதி 1.31 மீட்டராகவே இருப்பதால், தண்டைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டமான ரேக் ஒன்றிலேயே இரண்டும் உட்காரும். சிறிய அறையும் சிறிய கையும் உடைய ஆண்களும் இதைத் தயங்காமல் வாங்கலாம்.

பிளேட்டுகளில் மலிவானவை சிமென்ட் கலவையோ மணலோ அடைத்த பிவிசி வகை. அவை தடிமனாக இருப்பதால் தண்டின் முனையைச் சீக்கிரம் நிரப்பிவிடும். ஓரம் விரிசல் விட்டால் உள்ளிருப்பது உதிரும். வார்ப்பிரும்பு பிளேட்டுக்கு ஆயுள் வரம்பு என்று எதுவும் இல்லை. ரப்பர் பூசியவை சத்தத்தைச் சற்றுக் குறைக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். எதை வாங்கினாலும் 1.25, 2.5, 5, 10 கிலோ அளவுகளில் ஒவ்வொரு ஜோடி இருந்தால், 20 கிலோ தண்டோடு சேர்த்து 57.5 கிலோ வரை ஒவ்வொரு 2.5 கிலோவாக ஏற்றிக்கொண்டே போக முடியும். செட்டாக விற்கும்போது 1.25 கிலோ ஜோடியைச் சேர்ப்பதில்லை என்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தோள் பயிற்சிகளில் முன்னேற்றம் அந்தச் சிறிய பிளேட்டால்தான் நடக்கிறது. குறித்திருக்கும் எடையும் உண்மையான எடையும் வேறுபடக்கூடும் என்பதால், வாங்குமிடத்திலேயே தராசில் வைத்துப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

பெஞ்ச் வாங்கும்போது, படுப்பவரின் உடல் எடையையும் தூக்கும் எடையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 75 கிலோ உடையவர் 60 கிலோ தூக்கினால் பெஞ்ச் தாங்குவது 135 கிலோ. அதைப்போல் இருமடங்கு தாங்குவதையே வாங்க வேண்டும். கால் நீட்டும் கம்பி, கை மடக்கும் பலகை என்று பலவற்றை ஒரே சட்டத்தில் பொருத்தி விற்கும் பெஞ்சுகளில் ஒவ்வோர் இணைப்பும் ஆடத் தொடங்கும் இடம் என்றே கருதலாம். சாய்வை மாற்றும் வசதி மட்டும் உடைய, 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புக் குழாயில் செய்த எளிய பெஞ்ச் அவற்றைவிட நீண்ட நாள் உழைக்கும்.

தனியாகப் பயிற்சி செய்பவருக்கு ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகள் அவசியமானவை. தூக்க முடியாமல் போகும் எடையை அவைதான் தாங்குகின்றன. பெஞ்சில் படுத்துத் தூக்கும்போது மார்பின் உயரத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி அவற்றை நகர்த்தி வைக்க இயல வேண்டும். அத்தகைய ரேக்குக்கு இடமோ பணமோ இல்லாதவர் படுத்துத் தூக்கும் பயிற்சியை டம்பெல்லில் செய்யலாம். இருபுறமும் கீழே போட்டுவிட முடியும் என்பதால் கழுத்தின் மேல் தண்டு விழும் அபாயம் அதில் இல்லை.

மாடி வீட்டில் தளம் தாங்குமா என்ற அச்சம் பலருக்கு உண்டு. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875 குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ என்ற பாரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. எடையைப் பரவலாக வைத்தால் அந்த வரம்பைத் தாண்டுவது கடினம். ஆனால் எடையை ‘டொம்’மெனப் போடுவது வேறு விஷயம். டைல்ஸ் முதலில் உடையும், கீழ்வீட்டாரின் பொறுமை அடுத்து. 15 மில்லிமீட்டருக்குக் குறையாத ரப்பர் விரிப்பைப் பரப்பி, கனமான ரேக்கை அறையின் நடுவில் நிறுத்தாமல் சுவரோரம் நிறுத்த வேண்டும். பழைய கட்டடமாயின் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிடுவது நல்லது.

செலவைக் குறைக்க, மூடப்படும் ஜிம்களின் பழைய பொருட்களை வாங்கலாம். வார்ப்பிரும்பு பிளேட்டில் துரு இருந்தாலும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பெயிண்ட் பூசிவிடலாம். தண்டை மட்டும் ரேக்கில் வைத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். நடுப்பகுதி மேலும் கீழும் அசைந்தால் அது வளைந்துவிட்டது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து பிடியின் சொரசொரப்பான கோடுகளுக்குள் துருவை ஏற்றும் என்பதால், மேற்பூச்சில்லாத வெறும் இரும்பைத் தவிர்த்துக் குரோமியம் அல்லது துத்தநாகம் பூசிய தண்டையே வாங்க வேண்டும். அதையும் மொட்டைமாடியில் திறந்து போடக்கூடாது. பயிற்சிக்குப் பின் உலர்ந்த துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை மெல்லியதாகத் தடவி வைக்க வேண்டும்.