தேசி (எலுமிச்சை) இலையில் கோலம் போடும் பொடி அந்துப்பூச்சியை இனம் பிரிப்பது எப்படி?

வெள்ளவத்தை மாடிவீட்டு பல்கனியில் தேசிக்கன்று வைத்திருப்பவர்கள் தளிர் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளிக்கோடு ஒன்று வளைந்து வளைந்து போய், அதன் நடுவில் மெல்லிய கறுப்பு எச்சக்கோடும் தெரிந்தால் அது நத்தை ஊர்ந்த தடமில்லை, ஃபில்லோக்னிஸ்டிஸ் என்ற பேரினத்துப் புழு இலைத்தோலுக்குள்ளேயே தின்றுகொண்டு போன சுரங்கம்.

மருந்தடிக்க ஓடாதீர்கள். ஓரம் மடிந்த இலையாகப் பார்த்து (கூட்டுப்புழு அந்த மடிப்புக்குள்தான் இருக்கும்) ஜாம் போத்தலில் போட்டு, ஈரக் கடதாசித் துண்டொன்றும் வைத்து, துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். சில நாளில் அந்து வெளியே வரும். விரித்த சிறகு 4, 5 மில்லிமீற்றர்தான், அதனால் போனுக்கு மக்ரோ லென்ஸ் தேவை.

வெள்ளிச் சிறகு, நுனியில் கரும்புள்ளி, அதுவும் தேசியில் என்றால் பெரும்பாலும் சிட்ரெல்லா என்ற இனம். 1856இல் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் பெயரிட்டது. ஃபில்லோக்னிஸ்டிஸ் பேரினத்தை இன்னொரு பூச்சியியலாளர் ஸெல்லர் 1848இலேயே பிரித்துவிட்டார். ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள், இந்தக் கூட்டத்தில் முக்கால்வாசி ஒரே அச்சு. எந்தச் செடி, சுரங்கம் எப்படி வளைகிறது என்று முதலில் எழுதுங்கள். அப்புறம் வெற்றுக் கூட்டுத்தோலை எறியாதீர்கள்: கூட்டைக் கிழிக்க அதன் தலையில் இருக்கும் முள்ளின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். அதிலும் தீராவிட்டால் இனப்பெருக்க உறுப்பு, டிஎன்ஏ என்று ஆய்வுகூடத்துக்குத்தான் போகவேண்டும்.