ஐப்பசி ஈரமும் நமத்துப்போகும் பிஸ்கட்டும்

கும்பகோணத்தில் வார இறுதிகளில் சின்ன ஸ்டால் போட்டு, வீட்டில் சுட்ட பிஸ்கட்டும் கேக்கும் விற்கிறேன். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் போதும், காலையில் மொறுமொறுவென்று இருந்த நாட்டுச்சர்க்கரை பிஸ்கட் சாயங்காலத்துக்குள் நமத்துவிடும். "ஏம்மா, போன வாரம் சுட்டதா?" என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது!

நாட்டுச்சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரையைவிட ஈரத்தை அதிகமாக இழுக்கும். அதனால் பாதிக்குப் பாதி கலந்தேன். மணம் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. பெரிய பலன் தந்தது இரண்டாவது சூடுதான். சுட்டு ஆறிய பிஸ்கட்டை 140 டிகிரியில் இன்னொரு பத்து நிமிடம் ஓவனில் வைத்தால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரமும் போய்விடும். ரஸ்க்கையும் இப்படித்தானே இரண்டு முறை சுடுகிறார்கள். அப்புறம் கம்பித் தட்டில் முழுக்க ஆறவிட வேண்டும். இளஞ்சூட்டில் அடைத்தால் கவருக்குள் ஆவி வேர்த்துவிடும்.

கண்ணாடி ஜாடியில் வைத்து விற்பதையும் விட்டேன். ஆளுக்கொரு தரம் மூடியைத் திறந்தால் மழைக்காற்று உள்ளே போகாமல் இருக்குமா? இப்போது எல்லாம் 100 கிராம் பாக்கெட், சீலர் மெஷினில் ஒட்டியது. ருசி பார்க்க மட்டும் ஒரு சின்ன டப்பா. பாக்கெட் என்றால் தயாரித்த தேதியும் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

க்ரீம் கேக்கை மட்டும் கோடையில் கொண்டுபோவதே இல்லை. நம்ம ஊர் சித்திரை வெயிலில் வெண்ணெய் நிற்காது. வாழைப்பழ கேக்தான் ஓடுகிறது.