மொபைல் நெட்வொர்க்கிங் புக் வாங்குறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

செமஸ்டர் ஆரம்பிச்சா போதும், வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பசங்க கேக்குற மொத கேள்வி, சார் மொபைல் கம்ப்யூட்டிங்குக்கு எந்த புக் வாங்கட்டும்னுதான். லைப்ரரிக்கு லிஸ்ட் போடுற ஸ்டாஃபும் அதையேதான் கேக்குறாங்க. ஒரு பேர் சொல்லிட்டா வேலை முடிஞ்சிடும், ஆனா அடுத்த புக்கு கைக்கு வர்றப்ப அது தேறுமா தேறாதான்னு அவங்களுக்கே தெரியணும் இல்லையா. அதனால எங்கெங்க தப்பு நடக்குதுன்னு நான் பாக்குறதை எழுதுறேன்.

ரொம்ப பேர் பண்றது, அட்டையைப் பாத்து முடிவு பண்றது. 5ஜின்னு பெருசா போட்டிருந்தா புதுசு, நல்லதுன்னு எடுத்துடறாங்க. உள்ள போய் பாத்தா 500 பக்க புக்ல கடைசி 12 பக்கம்தான் 5ஜி, அதுவும் ஸ்பீடு ஜாஸ்தி, டிலே கம்மின்னு விளம்பரத்துல வர்ற அதே வரிங்க. இன்னொண்ணு பிரிண்ட் ஆன வருஷம். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னாடி காப்பிரைட் பக்கம்னு ஒண்ணு இருக்கும், அதைத் திருப்பிப் பாக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. அங்க 2019 ரீபிரிண்ட்னு போட்டு, எடிஷன் 2003ன்னு இருந்தா நீங்க கையில வெச்சிருக்கிறது 2003 புக்குதான். ரீபிரிண்ட்னா அதே மேட்டரை மறுபடி அச்சடிக்கிறது, மிஞ்சிப் போனா அச்சுப்பிழை திருத்தியிருப்பாங்க, மத்தபடி மாறியிருக்காது. எடிஷன் மாறினாதான் உள்ள மேட்டரை மாத்தியிருப்பாங்க.

இதைச் சொன்ன உடனே பழைய புக்னாலே தூக்கிப் போட்டுடறாங்க, அதுவும் தப்பு. இந்த சப்ஜெக்ட்ல ரெண்டு விதமான விஷயம் கலந்து கிடக்குது. ஒண்ணு காலாவதி ஆகுறது, இன்னொண்ணு ஆகாதது. பழைய பட்டன் போன்ல நெட் பாக்க வெச்சிருந்த டபிள்யூஏபி, அதுக்கான டபிள்யூஎம்எல் பேஜ் எழுதுறது, இதுக்கெல்லாம் ஒரு முழு சாப்டர் ஒதுக்கியிருந்தா அதை இன்னிக்கு யாரும் படிக்க வேணாம். ஆனா ரேடியோ சிக்னல் தூரம் போகப் போக எப்படி தேயுது, ஒரே சேனலை பத்து பேர் எப்படி பங்கு போட்டுக்கறாங்க, ஆள் நகர்ந்தா கனெக்‌ஷனை எப்படி அறுக்காம பிடிச்சினு இருக்கிறது, இந்த மூணும் 1G காலத்துல இருந்த அதே பிரச்சனைங்கதான். அதை நல்லா சொல்ற 2003 புக்கு, மேலோட்டமா சொல்ற 2022 புக்கைவிட எவ்வளவோ மேல்.

அப்ப நல்லா சொல்லுதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? முழு புக்கையும் படிக்கத் தேவையில்ல. பின்னாடி இண்டெக்ஸ்ல ஹிட்டன் டெர்மினல் எந்த பக்கம்னு பாத்து அந்த மூணு நாலு பக்கத்தை மட்டும் நிதானமா படிங்க. நம்ம வேலூர் கோட்டை மதில் மேல ஒரு வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் வெச்சதா நெனச்சுக்கோங்க, மதிலுக்கு உள்பக்கம் ஒருத்தர் லேப்டாப்போட, வெளிய அகழி பக்கம் இன்னொருத்தர், நடுவுல அவ்வளவு கனமான கருங்கல் சுவர். ரெண்டு பேருக்கும் ஆக்சஸ் பாயிண்ட் கேக்கும், ஆனா ஒருத்தர் அனுப்புறது இன்னொருத்தருக்கு கேக்காது, அதனால சேனல் காலியா இருக்குன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அனுப்பி ஆக்சஸ் பாயிண்ட்கிட்ட மோதிக்கும். இது வரைக்கும் எல்லா புக்கும் சொல்லும், ஏ பி சின்னு மூணு வட்டம் போட்ட படமும் இருக்கும். அதுக்கு அப்புறம் ஆர்டிஎஸ் (அனுப்பட்டுமான்னு கேக்குற சின்ன ஃபிரேம்) அனுப்பி சிடிஎஸ் (அனுப்புன்னு வர்ற பதில்) வாங்கினா தீர்ந்துச்சுன்னு ஒரு வரியில முடிச்சிட்டா அந்த புக்கு மேல எனக்கு நம்பிக்கை வராது. அந்த ரெண்டு சின்ன ஃபிரேமும் சேனல் நேரத்தைத் தின்னுது, பாக்கெட் சின்னதா இருந்தா லாபத்தைவிட நஷ்டம் ஜாஸ்தி, அதனாலதான் இந்த சைஸுக்கு மேல இருக்கிற பாக்கெட்டுக்கு மட்டும் ஆர்டிஎஸ் போதும்னு ஸ்டாண்டர்டுல ஆர்டிஎஸ் த்ரெஷோல்டுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, நிறைய ரவுட்டர்ல அது 2347 பைட்னு செட் ஆகி வரும், அதாவது நடைமுறைல இந்த எல்லையைத் தாண்டி ஆர்டிஎஸ் போறது அபூர்வம். இதையும் சொல்லி, பக்கத்துல ஒருத்தர் அனுப்புறது கேக்குதுன்னு, அனுப்பினா மோதாத ஆளும் சும்மா காத்துக்கினு இருக்கிற எக்ஸ்போஸ்ட் டெர்மினல் பிரச்சனையை இது தீர்க்காதுங்கறதையும் சொல்ற புக்கு, நெஜமா நெட்வொர்க் தெரிஞ்ச ஆள் எழுதினது.

அடுத்தது ஃபார்முலா. பக்கத்துக்குப் பக்கம் ஈக்வேஷன் இருந்தா ஸ்டாண்டர்டான புக்குன்னு ஒரு நெனப்பு நம்ம ஊர்ல பலமா இருக்கு. எத்தனை ஈக்வேஷன்னு எண்ணாதீங்க, ஒண்ணே ஒண்ணு எடுத்துப் போட்டுப் பாருங்க. ஃப்ரீ ஸ்பேஸ் பாத் லாஸ், அதாவது நடுவுல எதுவும் மறைக்காதப்ப சிக்னல் எவ்வளவு தேயும்ங்கற கணக்கை எடுத்துக்கலாம்: 32.44 கூட்டல் 20 லாக் தூரம் கூட்டல் 20 லாக் ஃபிரீக்வென்சி. இதுல தூரம் கிலோமீட்டர்ல, ஃபிரீக்வென்சி மெகாஹெர்ட்ஸ்ல இருக்கணும், அப்பதான் 32.44 சரி. கிகாஹெர்ட்ஸ்ல போட்டா அந்த நம்பர் 92.45. 900 மெகாஹெர்ட்ஸ், 1 கிலோமீட்டர் போட்டா 91.5 டெசிபல் வரும். யூனிட் எழுதாம வெறும் 32.44ஐ மட்டும் அச்சடிச்ச புக்கை நம்பி ஒரு பையன் 0.9 கிகாஹெர்ட்ஸ்னு போட்டா 31.5ன்னு வரும், 60 டெசிபல் வித்தியாசம், பவர் கணக்குல பாத்தா 10 லட்சம் மடங்கு. எக்ஸாம்ல ரெண்டு மார்க் போறது ஒரு பக்கம், நாளைக்கு வேலைக்குப் போன இடத்துல லிங்க் பட்ஜெட் (அனுப்புற பவர்ல எவ்வளவு போய்ச் சேரும்ங்கற கணக்கு) போடுறப்ப இந்தப் பழக்கம் கையோட வந்துடும், எனக்கு அதுதான் பயம். அதனால ஒரு சாப்டர்ல போட்டுக் காட்டின கணக்கு ரெண்டை நீங்களே கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. ரெண்டுமே புக்ல இருக்கிற விடையோட ஒத்துப் போகலைன்னா, உங்க பக்கம் தப்பு இல்லன்னும் தெரிஞ்சா, அந்த புக்கை வெச்சிடுங்க.

ஃபார்முலா எங்க செல்லும் எங்க செல்லாதுன்னு புக்கு சொல்லுதாங்கறது அதைவிட முக்கியம். டவர்லேருந்து போற சிக்னல் எவ்வளவு தேயும்னு கணிக்கிற ஹாட்டா மாடல் எல்லா புக்லயும் வரும். அது ஒகுமுராங்கறவர் டோக்கியோ பக்கம் அளந்த அளவுங்களை வெச்சு 1980ல ஹாட்டாங்கறவர் ஃபார்முலாவா மாத்தினது. 150ல இருந்து 1500 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், 1ல இருந்து 20 கிலோமீட்டர் வரைக்கும், டவர் ஆன்டெனா 30 மீட்டர்ல இருந்து 200 மீட்டர் உயரத்துல இருந்தாதான் அது செல்லும். இந்த எல்லைங்களை எழுதாம ஃபார்முலாவை மட்டும் குடுத்தா பசங்க அதுல 3500 மெகாஹெர்ட்ஸ் போட்டு 5ஜி கவரேஜ்னு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல எழுதினு வராங்க. அதுவும் வேலூர் மாதிரி சுத்தி மலை இருக்கிற ஊர்ல, சத்துவாச்சாரி பக்கம் மலையடிவாரத்துல இருக்கிற தெருவுக்கும் பாலாறு ஓரம் வெட்டவெளிக்கும் ஒரே நம்பர் எப்படி பொருந்தும்? மலை மறைச்சா என்ன ஆகும், பாறைல பட்டு வர்ற சிக்னல் லேட்டா வந்து நேரா வந்ததோட சேர்ந்தா என்ன ஆகும்னு யோசிக்க வைக்கிற சாப்டர் இருந்தா அந்த புக்கு நம்ம ஊருக்கு உதவும்.

மொபிலிட்டி சாப்டர்ல ஒரு பெரிய குழி இருக்கு, நிறைய நல்ல புக்கே இதுல விழுந்திருக்கு. மொபைல் ஐபின்னு, அதாவது ஆள் வேற நெட்வொர்க்குக்கு போனாலும் ஐபி அட்ரஸ் (நெட்ல அதோட விலாசம்) மாறாம பாத்துக்கற முறைக்கு 40 பக்கம், ஹோம் ஏஜென்ட் (சொந்த நெட்வொர்க்ல நின்னு டேட்டாவை வாங்கி ஆள் இருக்கிற இடத்துக்கு அனுப்புறது), ஃபாரின் ஏஜென்ட், கேர் ஆஃப் அட்ரஸ், ட்ரயாங்குலர் ரவுட்டிங் எல்லாம் விலாவாரியா இருக்கும். படிச்ச பசங்க என்ன நெனச்சுக்கறாங்கன்னா நம்ம கையில இருக்கிற போன் இப்படித்தான் வேலை செய்யுதுன்னு. 4ஜி நெட்வொர்க்ல பெரும்பாலும் அப்படி நடக்கிறதில்ல. ஆபரேட்டரோட கோர் நெட்வொர்க்ல ஒரு கேட்வே நங்கூரம் மாதிரி நிக்குது, போனோட ஐபி அட்ரஸ் அங்கதான் இருக்கு, அங்கேருந்து டவர் வரைக்கும் ஜிடிபிங்கற டனல் போகுது, போன் டவர் மாறினா டனலோட அந்த முனையை மட்டும் மாத்தி விடுறாங்க. ஹோம் ஏஜென்ட்டோட ஐடியாவும் இதுவும் உறவுதான், அதனால மொபைல் ஐபி படிக்கிறது வீண் இல்ல. ஆனா அந்த உறவை ஒரு பாராவுலயாவது சொல்லாத புக்கு பாதிப் படத்தைத்தான் காட்டுது.

போன் ஒரு டவர்லேருந்து இன்னொரு டவருக்கு மாறுற ஹேண்டோவரும் அதே சாப்டர்ல வரும். வேலூர்ல பஸ் ஏறி பாலாத்துப் பாலம் தாண்டி காட்பாடிக்கு போறப்ப பாலத்து மேல இந்தக் கரை டவரும் அந்தக் கரை டவரும் கிட்டத்தட்ட ஒரே அளவுல கேக்குதுன்னு வெச்சுக்கோங்க. சிக்னல் ஒரு டெசிபல் ஏறி இறங்கினதுக்கெல்லாம் மாறினா போன் இங்கயும் அங்கயும் தாவிக்கினே இருக்கும். அதைத் தடுக்கத்தான் பக்கத்து டவர் இவ்வளவு டெசிபல் பெட்டரா, இவ்வளவு மில்லிசெகண்ட் தொடர்ந்து இருந்தாதான் ரிப்போர்ட் பண்ணணும்னு ஆஃப்செட்டும் டைம் டு ட்ரிக்கரும் வெக்கறாங்க. புக்ல இருக்கிற ஹேண்டோவர் படத்தைப் பாருங்க. ரெண்டு டவர், நடுவுல ஒரு கார், ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான்னா அது அலங்காரம். யார் மொதல்ல அளக்கறாங்க, யார் முடிவு எடுக்கறாங்க, எந்த மெசேஜ் எதுக்கு அப்புறம் போகுதுன்னு மேலேருந்து கீழ வரிசையா கோடு போட்டுக் காட்டியிருந்தா அது பாடம்.

பாக்கெட் எல்லாம் ஒழுங்கா போய்ச் சேந்துதான்னு பாத்துக்கற டிசிபி சாப்டருக்கும் இதே மாதிரி ஒரு சோதனை இருக்கு. வயர்லெஸ்ல பாக்கெட் தொலைஞ்சா டிசிபி அதை நெரிசல்னு எடுத்துக்கினு ஸ்பீடைக் குறைச்சிடும்னு எல்லா புக்லயும் இருக்கும், சரிதான். ஆனா எல்டிஇ (4ஜி) மாதிரி நெட்வொர்க்ல ரேடியோ லிங்க்கே தொலைஞ்சதைத் திரும்ப அனுப்பிடறதால டிசிபிக்கு பல நேரம் லாஸ் தெரியாது, டிலே கூடுறதுதான் தெரியும். அதைச் சொல்லுதான்னு பாருங்க.

செக்யூரிட்டி விஷயத்துல மட்டும் நான் பழைய புக்குக்கு எந்த சலுகையும் குடுக்க மாட்டேன். வைஃபையைப் பாதுகாக்க டபிள்யூஇபிங்கற பழைய பூட்டு முறை போதும்னு எழுதியிருந்தா அந்த சாப்டரைப் பசங்க கையில குடுக்கவே கூடாது. 2001லயே அதை உடைக்கிற வழியை பேப்பர் போட்டுக் காட்டிட்டாங்க, 2004ல அதைவிட பலமான டபிள்யூபிஏ2 வந்துச்சு, 2018ல டபிள்யூபிஏ3 வந்துச்சு. டபிள்யூஇபி எப்படி உடைஞ்சுதுன்னு விளக்கினா அது வேற, அது நல்ல பாடம்.

யாருக்கு வாங்கறோம்னு யோசிக்காம வாங்கறதும் சாதாரணமா நடக்குது. வயர்லெஸ்னு அட்டையில இருந்தா போதும்னு சிஎஸ்இ பசங்க வாங்கினு வர்றது பாதி நேரம் இசிஇ புக்கு, முதல் 200 பக்கம் மாடுலேஷன், ஃபேடிங், ஆன்டெனான்னு போகும், ரவுட்டிங் வர்றதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சிடும். இசிஇ பசங்களுக்கு இதே உல்டாவா நடக்கும். பொருளடக்கத்துல எந்த பாகத்துக்கு எத்தனை பக்கம்னு கழிச்சுப் பாத்தாலே தெரிஞ்சிடும். சிலபஸ் யூனிட் வாரியா அப்படியே போட்ட கைடு புக்கு பாஸ் ஆக உதவும், அதை வாங்க வேணாம்னு சொல்ல மாட்டேன், காசு கம்மி, வீட்டு நெலமைன்னு ஒண்ணு இருக்கு. ஆனா லைப்ரரில 20 காப்பி அதையே வாங்கிப் போட்டுட்டு மெயின் புக்கு ஒண்ணுகூட இல்லாம இருக்கிறதைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. படிக்கணும்னு ஆசைப்படற பையனுக்கு வேற வழி என்ன இருக்கு?

லேப் பகுதி இருந்தா எந்த சாஃப்ட்வேர்னு பாத்துடுங்க. நெட்வொர்க்கை கம்ப்யூட்டர்லயே சிமுலேட் பண்ற என்எஸ்-2 ஸ்கிரிப்ட்டா குடுத்திருந்தா, அதோட கடைசி வெர்ஷன் 2.35 வந்தது 2011ல, இப்ப இருக்கிற லினக்ஸ்ல இன்ஸ்டால் பண்றதுக்குள்ளயே பசங்க சலிச்சிடறாங்க. என்எஸ்-3 வேற சாஃப்ட்வேர், டிசிஎல் மொழில எழுதின அந்த என்எஸ்-2 ஸ்கிரிப்ட் அதுல ஓடாது. தியரி நல்லா இருந்தா இதுக்காக புக்கை ஒதுக்க வேணாம், லேபுக்கு மட்டும் என்எஸ்-3 சைட்ல இலவசமா குடுக்கற டுடோரியலை வெச்சுக்கலாம், கூடவே நெட்வொர்க்ல போறதைப் பிடிச்சுக் காட்டுற வயர்ஷார்க்ல நம்ம வீட்டு வைஃபையைப் பிடிச்சு, ஆக்சஸ் பாயிண்ட் நான் இங்க இருக்கேன்னு அடிக்கடி அனுப்புற பீக்கன் ஃபிரேம்ல என்னென்ன ஃபீல்டு இருக்குன்னு புக்ல இருக்கிற படத்தோட ஒத்துப் பாக்கச் சொல்லலாம், அதுக்கு காத்துல போற எல்லா ஃபிரேமையும் கேக்குற மானிட்டர் மோடு சப்போர்ட் பண்ற வைஃபை கார்டு வேணும், அதை வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.