ஆக்டேவியாவில் டிஆர்எல், இண்டிகேட்டர் கோடிங்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

ஸ்கோடா ஆக்டேவியா மூன்றாம் தலைமுறை, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 7 மாதிரி எம்கியூபி தளத்தில் (ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பொதுவான கார் கட்டமைப்பு) வந்த கார்களில் ஒரு வயரைக்கூட வெட்டாமல், காரின் கணினி அமைப்பை மாற்றும் கோடிங் மூலமே டிஆர்எல் (பகலில் எரியும் முன்விளக்கு), இண்டிகேட்டர் இரண்டின் போக்கையும் மாற்றிக்கொள்ளலாம். காரின் கணினியோடு பேசும் கருவிகளான விசிடிஎஸ் கேபிளோ ஓபிடி லெவனோ போதும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் போர்ட்டில் செருகி, இக்னிஷனை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி பழசாக இருந்தால் சார்ஜரை மாட்டிவிட்டே உட்காருங்கள், எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் இறங்கினால் வேறு தலைவலி வரும்.

முதலில் முழு ஸ்கேன் எடுத்துச் சேமியுங்கள். அப்புறம் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் 09 மாட்யூலைத் திறந்து, அடாப்டேஷன் மேப்பையும் (இப்போதைய அமைப்புகளின் பட்டியல்) அப்படியே சேமியுங்கள். இது முடியும்வரை எதையும் தொடாதீர்கள். விசிடிஎஸ்ஸில் எழுத அனுமதி கேட்டால் செக்யூரிட்டி ஆக்செஸில் 31347 கொடுக்க வேண்டும்.

சுலபமானது இண்டிகேட்டர் மின்னும் எண்ணிக்கை. லீவரை லேசாகத் தட்டினால் 3 தடவை மின்னும், அதை 5 ஆக்கலாம். அதற்கான சேனலின் (மாற்றக்கூடிய அமைப்பின்) பெயர் ஜெர்மனில் 'கொம்ஃபோர்ட்ப்ளிங்கென்' என்று வரும். நிமிடத்துக்கு 90 மின்னல் என்று வைத்தால் 3 மின்னல் 2 விநாடியில் முடிந்துவிடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 44 மீட்டர்தான், லேன் மாறி முடிப்பதற்குள் இண்டிகேட்டர் அணைந்துவிடும். 5 என்றால் 70 மீட்டரைத் தாண்டும். ஹைவேயில் ஓட்டுகிறவர்கள் இந்த ஒன்றையாவது செய்துகொள்ளுங்கள் என்பேன்.

அடுத்தது, இண்டிகேட்டர் போடும்போது அந்தப் பக்கத்து டிஆர்எல் மங்குவது. வெறும் அழகுக்கு என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் இது எதிரே வருபவருக்கான வேலை. டிஆர்எல் குறைந்தது 400 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு), பளீர் வெள்ளை; அதை ஒட்டியே மஞ்சள் மின்னினால் உச்சி வெயிலில் கண்ணில் படாது. இரண்டுக்கும் இடையே 40 மில்லிமீட்டருக்குள் இருந்தால் டிஆர்எல்லை அணைக்கவோ மங்கவைக்கவோ ஐக்கிய நாடுகளின் 48ஆம் வாகன ஒழுங்குமுறையே இடம் கொடுக்கிறது.

இடது டிஆர்எல் பெரும்பாலும் 'லாய்க்டெ 4', வலது 'லாய்க்டெ 5' என்ற தொகுப்பில் இருக்கும் ('லாய்க்டெ' என்றால் ஜெர்மனில் விளக்கு). எந்த ஹெட்லைட் என்பதைப் பொறுத்து இது மாறலாம், அதனால் இப்போது அதில் டிஆர்எல் வேலைதான் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே அந்த விளக்குக்கு வேலை ஒதுக்கும் ஜி வரிசை காலியாக இருந்தால் இடதுக்கு 'ப்ளிங்கென் லிங்க்ஸ் ஆக்டிவ், பைட ஃபாஸென்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வலதுக்கு அதே மாதிரி, 'லிங்க்ஸ்' இடத்தில் 'ரெஹ்ட்ஸ்'. இண்டிகேட்டர் எரிவது, அணைவது என்ற இரண்டு கட்டத்தையும் குறிக்கும் 'பைட ஃபாஸென்' முக்கியம். எரியும் கட்டத்தை மட்டும் குறிக்கும் 'ஹெல்ஃபாஸெ' என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தால், மஞ்சள் எரியும்போது வெள்ளை அணைந்து, மஞ்சள் அணைந்ததும் வெள்ளை எரிந்து என்று மாறி மாறி மின்னும், பார்ப்பவருக்குக் குழப்பம்தான். டிம்மிங் திசை 'மினிமைஸ்' ஆக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் மங்காது. டிம்மிங் மதிப்பு 0 கொடுத்தால் முழுக்க அணையும். எனக்குப் பிடித்தது 20, 30 அளவு. வண்டியின் அகலம் கொஞ்சமாவது தெரியட்டும்.

ஒரு பக்கத்தை மட்டும் எழுதி, வெளியே இறங்கி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சரியாக இருந்தால் மறுபக்கம். ஹசார்டையும் பார்க்கிங் லைட்டையும் போட்டுப் பாருங்கள், கடைசியில் ஒரு ஸ்கேன்.

அமெரிக்க வண்டி மாதிரி முன் இண்டிகேட்டரை எப்போதும் மஞ்சளாக எரியவிடும் கோடிங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை வைக்காதீர்கள். நம் ஊரில் முன்பக்க பார்க்கிங் லைட் வெள்ளைதான், எப்போதும் எரிகிற மஞ்சள் மின்ன ஆரம்பித்தால் நீங்கள் திரும்பப் போகிறீர்கள் என்று எதிரே பைக்கில் வருபவர் சட்டென்று கண்டுபிடிக்க மாட்டார்.