தவிர்க்க வேண்டிய தவறுகள்: மெழுகுவர்த்தியும் ஐந்தில் ஒரு பங்கும்

பொதுமக்களுக்கு அறிவியல் செய்து காட்டும் வேலையில் பல வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது மேடை ஏறுவது குறைவு. புதிதாக வருகிறவர்களுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுதான் அதிகம். சென்ற வாரம் ஓர் இளைஞர் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தார். அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். நானே சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம் அது. அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

சத்தமாகப் பேசுங்கள், ஸ்லைடைப் பார்த்துப் படிக்காதீர்கள் போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை முதல் நிகழ்ச்சியிலேயே கூட்டம் கற்றுக்கொடுத்துவிடும். கூட்டம் கைதட்டி வழியனுப்புகிற தவறுகள்தான் வருடக்கணக்கில் கூடவே வரும்.

கணக்கு பொருந்தினால் காரணமும் சரி என்று நம்புவது

வசனம் இதுதான்: "மெழுகுவர்த்தி எரிய ஆக்சிஜன் வேண்டும். டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் சுடர் அணைந்தது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது காலி செய்த இடத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. பாருங்கள், ஐந்தில் ஒரு பங்கு!"

எவ்வளவு அழகு! காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். தண்ணீரும் பல நேரங்களில் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு ஏறித் தொலைக்கிறது. ஆனால் விளக்கம் தப்பு.

எரியும்போது ஆக்சிஜன் மாயமாகிவிடுவதில்லை. மெழுகிலுள்ள கார்பனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும், ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராவியாகவும் மாறுகிறது. நீராவி குளிர்ந்து டம்ளரின் உட்புறத்தில் படிந்துவிடும், சரி. கார்பன் டை ஆக்சைடு எங்கே போகும்? அந்தச் சில நொடிகளில் அதில் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்துவிடாது. மூன்று பங்கு ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். போதாதற்கு ஆக்சிஜன் முழுக்கத் தீர்வதும் இல்லை. சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடும். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், ஆக்சிஜன் செலவானதால் மட்டும் ஏறும் தண்ணீர் நூற்றில் இரண்டு பங்குகூடத் தேறாது.

மிச்சத்தை ஏற்றுவது சூடு. டம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிந்திருக்கும். அதில் கொஞ்சம் வெளியேறிவிடும். விளிம்பில் குமிழிகள் வந்தால் அதுதான். சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று மளமளவென்று குளிர்கிறது, அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. எவ்வளவு ஏறும் என்பது டம்ளர் எவ்வளவு பெரியது, சுடர் எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாகக் கவிழ்த்தீர்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. ஐந்தில் ஒரு பங்கு வந்தால் அது தற்செயல்.

இதில் ஏமாந்தது நான் மட்டுமில்லை என்று ஓர் ஆறுதல். பண்டைய கிரேக்கப் பொறியாளரான பைசாண்டியத்தின் ஃபைலோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்து, காற்றின் ஒரு பகுதி நெருப்பாக மாறிப் பாத்திரத்தின் வழியே தப்பிவிட்டது என்று நினைத்தார். பாவம், அவர் காலத்தில் ஆக்சிஜனைப் பற்றி யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

தகவல் பிழையைக்கூட மன்னித்துவிடுவேன். இன்றும் எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றை நினைத்து. ஒரு நிகழ்ச்சியில் முன்வரிசையில் பத்து வயதிருக்கும் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "சார், எரியும்போது தண்ணி அப்படியேதானே நின்னுச்சு? அணைஞ்ச பிறகுதான் மேலே ஏறுது?" ஆக்சிஜன் செலவாவதுதான் காரணம் என்றால் எரிய எரியத் தண்ணீர் மெல்ல ஏறியிருக்க வேண்டும். என் மொத்த விளக்கத்தையும் ஒரே கேள்வியில் உடைத்துவிட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ சரியா கவனிக்கலை, ம்மா." கூட்டம் சிரித்தது. அவள் கையை இறக்கிக்கொண்டாள். நிகழ்ச்சி முடியும்வரை மறுபடி தூக்கவில்லை. அங்கிருந்தவர்களில் சரியாகக் கவனித்தவள் அவள் ஒருத்திதான்.

அன்று இரவே வீட்டில் செய்து பார்த்தேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. வருடங்கள் கழித்து, மெழுகுவர்த்திகள் மிச்சமிருந்த ஒரு நாளில், அதே டம்ளருக்குள் ஒன்றுக்குப் பதில் மூன்றை ஏற்றிப் பார்த்தேன். தண்ணீர் முன்பைவிட நன்றாக மேலே ஏறியது. டம்ளர் அதே டம்ளர், உள்ளே இருக்கும் ஆக்சிஜனின் பங்கும் அதேதான். பின்னே எப்படி? தட்டின் முன்னால் உட்கார்ந்து அந்தச் சிறுமியை நினைத்துக்கொண்டேன்.

மேடை ஏறுவதற்கு முன் உங்கள் விளக்கத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நீ உண்மை என்றால் வேறு எதுவெல்லாம் நடந்தாக வேண்டும்? "பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது கோடை" என்பதும் இதே ரகம்தான். அப்படியானால் பூமி முழுக்க ஒரே சமயத்தில் கோடை வர வேண்டும். வட கோளத்தில் கோடையாக இருக்கும்போது தென் கோளத்தில் குளிர்காலம். அதுவும் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், வடக்கே குளிர் நடுக்கும் நேரத்தில். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம். கேள்வியைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் அந்தத் தப்பு விழுந்திருக்கும்.

அந்த இளைஞரிடம் நிகழ்ச்சி முடிந்ததும் மூன்று மெழுகுவர்த்திகளைக் கொடுத்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

தெரிந்த சொல்லை நம்புவது

கடினமான சொற்களைத் தேடித் தேடி நீக்குகிறார்கள். "ஒளிவிலகல்" என்ற சொல் யாரையும் ஏமாற்றாது. தெரியவில்லை என்பது கேட்பவருக்கே தெரியும், கையைத் தூக்கிக் கேட்டுவிடுவார். ஏமாற்றுவது தெரிந்த சொல்தான். இயற்பியலில் விசை கொடுத்தும் பொருள் நகராவிட்டால் வேலை நடக்கவில்லை என்றுதான் கணக்கு. அதனால் தலையில் சுமையோடு அசையாமல் நிற்பவர் அந்தச் சுமையின்மீது செய்யும் "வேலை" பூஜ்யம் என்று ஒருமுறை சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "நீங்க வந்து கொஞ்ச நேரம் சுமந்து பாருங்க" என்றார். நியாயம்தானே.

"சூடு" இன்னும் மோசம். அன்றாடப் பேச்சில் வெப்பம், வெப்பநிலை இரண்டுமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். இரவு முழுக்க ஒரே அறையில் கிடந்த அலுமினியத் தகடும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள். ஒருவரும் நம்பமாட்டார்கள், தொட்டால் தகடு சில்லென்று இருக்கிறதே! வாதாடாதீர்கள். இரண்டின் மேலும் ஆளுக்கொரு பனிக்கட்டி வையுங்கள். சில்லென்ற தகட்டின் மேல் இருப்பதுதான் முதலில் உருகும். அப்புறம் சொல்லுங்கள்: உலோகம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். கையிலிருந்து வேகமாக இழுத்துக்கொள்ளும், பனிக்கட்டிக்கு வேகமாகக் கொடுக்கும்.

உவமை எங்கே உடையும் என்று சொல்லாமல் விடுவது

மின்சாரம் குழாயில் ஓடும் தண்ணீர் மாதிரி என்றால், அறுந்த கம்பியிலிருந்து ஏன் சொட்டுவதில்லை? யாராவது கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பெரிய எண்களை அடுக்குவது

ஒரு பேச்சுக்கு ஒன்று போதும், அதையும் நேரமாக மாற்றிச் சொல்லுங்கள். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்றால் முகங்களில் ஒரு மாற்றமும் இருக்காது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் கார் ஓட்டினால் 170 வருடம் ஆகும் என்றால் நிமிர்வார்கள்.

வரையறையில் தொடங்குவது

வேண்டாம்.

"புரிந்ததா?" என்று கேட்பது

விண்வெளி நிலையத்தைப் பற்றி ஒருமுறை முக்கால் மணி நேரம் பேசினேன். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கிறது, நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள் என்று படம் போட்டு விளக்கினேன். "புரிந்ததா?" அத்தனை தலையும் ஆடியது. வெளியே வரும்போது எனக்கு முன்னால் நடந்த ஒருவர் மகனிடம் சொல்லிக்கொண்டு போனார்: "அங்க ஈர்ப்பே கிடையாதுடா, அதான் மிதக்கிறாங்க."

இப்போதெல்லாம் வேறு மாதிரி கேட்கிறேன். "அந்த நிலையத்தை அதே உயரத்தில் அசையாமல் பிடித்து நிறுத்திவிட்டால், உள்ளே இருப்பவர் மிதப்பாரா, தரையில் கால் ஊன்றி நிற்பாரா?" கேட்டுவிட்டு, யாராவது வாயைத் திறக்கும்வரை சும்மா நிற்கிறேன்.