சாப்பாட்டு மேசையில் ஒரு ஞாபகம்: கடுகும் புளியும் வைத்துச் செய்முறை

நன்றாக மனத்தில் நின்றதைப் ‘பசுமரத்தாணி போலப் பதிந்தது’ என்கிறோம். அழகான உவமைதான், மூளைக்கு அது பாதிதான் பொருந்தும். ஆணி வெளியிலிருந்து உள்ளே இறங்குகிறது. மூளைக்குள் அப்படி எதுவும் இறங்குவதில்லை. மரத்தின் நாரே சற்று முறுக்கேறுகிறது. அந்த முறுக்கு ஏறும் விதத்தைச் சமையலறைப் பொருட்களை வைத்தே செய்து பார்க்கலாம்.

தேவையானவை: இரண்டு தட்டு, ஒரு கிண்ணம் கடுகு, கல் உப்பு, பத்து சோடா மூடி, சுண்டைக்காய் அளவு புளி, நொறுக்கிய முட்டை ஓடு. உப்பையும் ஓட்டையும் காரணத்தோடுதான் சேர்த்திருக்கிறேன். உப்பில் சோடியம் இருக்கிறது, ஓட்டில் கால்சியம் இருக்கிறது. உண்மையான மூளையிலும் இந்த இரண்டுக்கும் வேலை உண்டு.

படி 1: மேசையை அமைத்தல்

தட்டுகளை ஒரு விரற்கடை இடைவெளியில் வையுங்கள். முதல் தட்டு பேசும் நரம்புச் செல். அதில் கடுகுக் கிண்ணம். இரண்டாவது கேட்கும் செல். இடைவெளிதான் சினாப்ஸ். உண்மையில் அது சுமார் 20 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.

கேட்கும் தட்டின் விளிம்பில் நான்கு மூடிகளை மல்லாத்தி வையுங்கள். இவை ஆம்பா ஏற்பிகள், அதாவது செய்தி வந்து பட்டால் திறக்கும் புரத வாசல்கள். ஐந்தாவது மூடியில் புளியை உருட்டி அடையுங்கள். இது என்எம்டிஏ ஏற்பி என்ற இன்னொரு வகை வாசல். புளி என்பது மக்னீசியம். மீதி ஐந்து மூடிகள் தட்டின் நடுவில் இருப்பாக இருக்கட்டும்.

படி 2: ஒரே ஒரு முறை பேசுதல்

ஒரு சிட்டிகைக் கடுகை, அதாவது செல்கள் செய்தி அனுப்பும் வேதிப்பொருளான குளுட்டமேட்டை, எதிர்த் தட்டின் விளிம்பில் தூவுங்கள். கடுகு விழுந்த ஒவ்வொரு காலி மூடிக்கும் ஓர் உப்புக்கல்லை உள்ளே போடுங்கள். நான்கு கற்கள். கேட்கும் செல் லேசாகச் சிலிர்த்து அடங்குகிறது. புளி மூடியிலும் கடுகு விழுந்திருக்கும். ஆனால் அது திறக்காது. கடுகையும் உப்பையும் எடுத்துவிடுங்கள். அன்றாடம் நம் காதில் விழுவதில் பெரும்பகுதி இப்படித்தான் தடம் இல்லாமல் போகிறது.

படி 3: விடாமல் பேசுதல்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். உப்பை எடுக்க அவகாசம் தராமல் அடுத்தடுத்துக் கடுகைத் தூவுங்கள், உப்பு குவியட்டும்.

ஓய்வில் இருக்கும் செல்லின் உட்புறம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். நேர்மின் கொண்ட மக்னீசியத்தை அதுதான் உள்நோக்கி இழுத்து, வாசலில் அடைப்பாக நிறுத்துகிறது. நேர்மின் கொண்ட சோடியம் உள்ளே குவியக் குவிய அந்த இழுப்பு தளர்ந்து, அடைப்பு கழன்று வெளியே போகிறது. இப்போது புளியை எடுத்துவிடுங்கள்.

அடைப்பு போனால் மட்டும் போதாது. அதே நேரத்தில் வாசலில் கடுகும் இருக்க வேண்டும். பேசும் செல் பேச வேண்டும், கேட்கும் செல்லும் விழித்திருக்க வேண்டும். இரண்டும் கூடினால்தான் இந்த வாசல் திறக்கும். ஒரு செல் இன்னொன்றைத் தூண்டுவதில் திரும்பத் திரும்பப் பங்கு கொண்டால் அவற்றின் இணைப்பு வலுப்படும் என்று உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949இல் ஊகித்தார். அந்த ஊகத்துக்கு ஏற்ற பூட்டு ஒரு புரத மூலக்கூறிலேயே இருந்திருக்கிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைத்தது இதுதான்.

படி 4: மூடிகளைக் கூட்டுதல்

திறந்த வாசல் வழியே முட்டை ஓட்டைப் போடுங்கள். உள்ளே வந்த கால்சியம் சில நொதிகளை எழுப்பிவிட, அவை இருப்பில் உள்ள ஆம்பா ஏற்பிகளை விளிம்புக்குக் கொண்டுவருகின்றன. மூன்று மூடிகளை நகர்த்துங்கள். பழைய கடுகையும் உப்பையும் எடுத்து, புளியை மீண்டும் அடைத்துவிட்டு, படி 2இல் போட்ட அதே சிட்டிகையைத் தூவுங்கள்.

இப்போது ஏழு கற்கள். கடுகின் அளவு மாறவில்லை. கேட்கும் திறன் மாறிவிட்டது. இந்த மூன்று கல் வித்தியாசம்தான் ஞாபகத்தின் விதை. முயல் மூளையில் ஞாபகத்தோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் பகுதியில் வேகமான மின்துடிப்புகளைக் கொடுத்தபின் இணைப்பின் வலு மணிக்கணக்கில் உயர்ந்தே நிற்பதை டிம் பிளிஸும் டெர்யே லோமோவும் 1973இல் வெளியிட்டார்கள்.

படி 5: நிலைக்கச் செய்தல்

நகர்த்திய மூடிகள் அப்படியே நிலைத்துவிடுவதில்லை. நாள்கணக்கில் நிற்க, செல் புதுப் புரதம் செய்து கட்டுமானத்தையே மாற்ற வேண்டும். நரம்பியல் ஆய்வாளர் எரிக் காண்டெல் இதை அப்ளிசியா என்ற கடல் நத்தையில் காட்டினார். 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாலில் ஒரு மின்னதிர்ச்சி தந்தால் நத்தையின் மிரட்சி நிமிடங்களில் தணிந்துவிடும். இடைவெளி விட்டுப் பலமுறை தந்தால் நாள்கணக்கில் நீடிக்கும். உணர்வுச் செல்களின் இணைப்புகள் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தன. புரத உற்பத்தியைத் தடுத்தால் நீண்ட ஞாபகம் மட்டும் உருவாகாது; குறுகியது வழக்கம்போல் வரும்.

ஒரு திருத்தம்: அந்த நத்தையில் குறுகிய ஞாபகத்துக்கு முக்கியமாக மாறுவது பேசும் பக்கம். மூடிகளை விட்டுவிட்டு, சிட்டிகைக்குப் பதில் ஒரு பிடி கடுகு தூவினால் அந்த மாதிரி கிடைக்கும். நீண்ட ஞாபகத்துக்கு இரண்டு தட்டுக்கும் நடுவே இன்னொரு கடுகுக் கிண்ணத்தையும் மூடிகளையும் சேருங்கள்.

படி 6: தளர்த்துதல்

விநாடிக்கு ஒன்று என்ற மெதுவான துடிப்பு சில நிமிடங்கள் தொடர்ந்தால், அதே கால்சியம் கொஞ்சமாகக் கசிந்து எதிர்வேலை செய்கிறது. ஏற்பிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன. மூடிகளைக் குறைத்து, உப்பை மறுபடி எண்ணிப் பாருங்கள்.

முடிந்ததும் கடுகை டப்பாவில் கொட்டுமுன் முட்டை ஓட்டைப் பொறுக்கிவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். அன்றைய ரசம் பல்லில் நறநறவென்றது.